அக்கா தவறாகப் போட்ட கையெழுத்து

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பணிபுரிந்த ஆசிரியர்களுக்கும், அவரிடம் படித்த பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் என் வணக்கம். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிர்த் தெருவில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவன் நான். ஊராருக்கு எத்தனையோ நினைவு மலர்களை அடித்துக் கொடுத்திருக்கிறேன். யார் இறந்தாலும் ‘அன்பின் வடிவம், பண்பின் சிகரம்’ என்று விரல் தானாக அடித்துவிடும். அக்காவுக்கும் அப்படி எழுத உட்கார்ந்து நான்கு முறை அழித்துவிட்டேன். நடந்ததை எழுதாவிட்டால் அவர் படத்துக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. படித்துவிட்டுத் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

அக்கா பிறந்தது கிளியனூருக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில். அப்பாவுக்கு மானாவாரி நிலம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விவசாயம். எங்கள் இருவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது சித்தப்பா மூன்று நாள் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. “ஊரான் பீ மூத்திரம் வாரவா பொண்ண பெத்தோம்?” என்று அப்பாவைக் கேட்டார். அக்கா தன்பாட்டுக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். பின்னாளில் அதே சித்தப்பா பக்கவாதம் வந்து ஒரு வருடம் படுத்துக் கிடந்தபோது, விடுமுறை நாட்களில் போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துக் குளிப்பாட்டியது அக்காதான். பழையதை ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நானாக இருந்தால் தினமும் காலையில் ஒரு முறை நினைவுபடுத்தியிருப்பேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் நைட் டியூட்டிக்குப் போகக் கூடாது என்றார்கள். அக்கா அவர்களை வேண்டாம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விழுப்புரத்தில் பல ஆண்டுகள் வார்டு நர்ஸ் வேலை, வேலையில் இருந்துகொண்டே பட்டப்படிப்பு, அதன் பிறகு மேற்படிப்பு, பிறகு மாணவிகளுக்குப் பாடம் எடுப்பது என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏறினார். திண்டிவனம் அருகே புதிதாகத் தொடங்கிய நர்சிங் கல்லூரியின் தாளாளர், முதல்வர் பதவிக்கு அக்காவைத் தேடி வந்தார். அந்தப் பதவிக்கு மேற்படிப்பு மட்டும் போதாதாம், இத்தனை ஆண்டு பாடம் நடத்திய அனுபவமும் வேண்டுமாம். அக்காவுக்கு ஒரு வருடம் குறைந்தது.

“ஒரு வருஷம்தானக்கா, எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்ட நான் அடிச்சிக் குடுக்கறேன். பத்து நிமிஷ வேலை” என்றேன்.

“நீ அடிப்படா. அந்த ஒரு வருஷத்துல நான் கத்துக்க வேண்டியத யாரு அடிச்சிக் குடுப்பா?” என்றார்.

ஒரு வருடம் காத்திருந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதையும் குறுக்கு வழியில் முடிக்கும் என் புத்தி அப்போதே அவருக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல்வர் என்றால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு மாடியில் அவர் குடியிருந்ததால் அந்த வேலையின் லட்சணத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், எந்த வார்டுக்கு எத்தனை பிள்ளைகள், மருத்துவமனையின் அனுமதிக் கடிதம், பாடத்திட்டம், பரீட்சை, விடுதியில் சாம்பார் புளித்துப் போனது, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், செயல்முறை அறையில் இருந்த பொம்மை நோயாளிக்குக் கை கழன்றுபோனது என எல்லாம் அவர் தலையில்தான். ஒரு முறை ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. ஆசிரியர்கள் போதவில்லை. வெளியில் வேலை செய்யும் நர்சுகளை அன்று ஒருநாள் கூட்டி வந்து ஆசிரியர்களாக உட்கார வைக்கலாம் என்றார் தாளாளர். அக்கா கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் காலி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, “இத்தனை பேரை எடுக்கணும், எழுதிக்கோங்க” என்று ஆய்வுக்கு வந்தவர்களிடம் அவரே காட்டிவிட்டார். தாளாளர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதமே ஆட்களை எடுத்தார். அப்படி வேலைக்கு வந்தவர்களில் ஒருவர்தான் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த பரீதா டீச்சர்.

பரீதா டீச்சரின் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். பிரசவப் பாடம் எடுப்பதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று அக்காவே சொல்வார். வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வருவார். “அண்ணே, எழுத்து மங்கலா வருது பாருங்க” என்று சொல்லி மறுபடி எடுக்க வைப்பார். என் மகள் பவித்ரா இறுதியாண்டு படித்தபோது அவள் வகுப்புக்கும் அவர்தான் பொறுப்பு.

இனி எழுதப்போவதை அந்தக் கல்லூரியோடு தொடர்புடைய உங்களில் பலர் பாதி அறிவீர்கள். மீதிப் பாதி என்னிடம் மட்டுமே இருந்தது.

நர்சிங் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இத்தனை பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பார்த்த ஒவ்வொன்றையும் ‘கேஸ் புக்’ என்ற நோட்டில் எழுத வேண்டும். தாயின் பெயர், ஊர், வலி கண்ட நேரம், குழந்தையின் எடை எல்லாம் எழுதி வார்டு சிஸ்டரின் கையெழுத்தை வாங்க வேண்டும். அது முழுதாக இருந்தால்தான் முதல்வர் கையெழுத்திட்டுப் பரீட்சைக்குப் பெயரை அனுப்புவார். விழுப்புரத்தில் பிள்ளைகள் போன மருத்துவமனையில் மூன்று நான்கு கல்லூரிப் பிள்ளைகள் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்பார்களாம். எட்டிப் பார்ப்பதற்குள் குழந்தை பிறந்துவிடும். பவித்ராவோடு சேர்த்துப் பதினோரு பேருக்கு எண்ணிக்கை குறைந்தது.

நன்றாக எழுதிய ஒரு மாணவியின் கேஸ் புக்கைப் பரீதா டீச்சர் தன் பீரோவில் இருந்து எடுத்து, எப்படி எழுத வேண்டும் என்று பார்த்துக்கொண்டு மறுநாள் கொண்டுவா எனப் பவித்ராவிடம் கொடுத்திருக்கிறார். அவள் அதை என் கடைக்குக் கொண்டு வந்தாள். கூடவே அவள் தோழிகள். “அப்பா, குறையறத இதப் பாத்து எழுதிக்கலாமான்னு கேக்கறாளுங்க” என்றாள். ஒரு தகப்பனாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்த அறிவாளி என்ன செய்தேன் தெரியுமா? நோட்டைப் பிரித்து, பக்கம் பக்கமாக வைத்து, பதினோரு செட் போட்டு, பின் அடித்துக் கொடுத்தேன். எழுத்து மங்காமல் வந்ததில் எனக்குப் பெருமை வேறு.

பேர் ஊரை மாற்றி எழுதவேண்டும் என்ற யோசனை எனக்கும் வரவில்லை, அவர்களுக்கும் வரவில்லை. கட்டின் மேலே இருந்த முதல் பக்கத்தைப் பதினோரு பேரும் அட்சரம் பிசகாமல் எழுதினார்கள். சிஸ்டரின் கையெழுத்தையும் பார்த்துப் பார்த்துக் கிறுக்கினார்கள்.

பெயர்ப் பட்டியல் போக இரண்டு நாள் இருக்கும்போது அக்கா எல்லா நோட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் படித்தார். மாடியில் இருந்து அவர் குரல் கேட்டது.

“பவித்ரா! வானூர் செல்விக்கு எத்தினி கொழந்தடி?”

அவள் மாடிக்கு ஓடினாள், பின்னாலேயே நானும் போனேன்.

“ஒரே நாளு, ஒரே நேரம், ரெண்டு கிலோ எழுநூத்தம்பது கிராம். பதினோரு பேரு பிரசவம் பாத்துக்கினு இருக்கீங்க. அந்தப் பொம்பள உயிரோட இருக்காளா இல்லியா?”

கேட்கும்போது சிரிப்பாகத்தான் இருக்கும். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் காலை பிள்ளைகளும் பெற்றோரும் கல்லூரிக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே பதினோரு பேரையும் கடைக்கு வரச் சொன்னேன். ஜெராக்ஸ் தாளையெல்லாம் வாங்கிக் கிழித்துப் போட்டேன். “எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க. டீச்சர்தான் இதப் பாத்து எழுதுங்கன்னு குடுத்தாங்கன்னு சொல்லுங்க. அவங்க பெரியவங்க, எதனா சொல்லி சமாளிச்சிக்குவாங்க. நீங்க தப்பிச்சிடுவீங்க” என்றேன். பிள்ளைகளாக இந்தப் பொய்யைச் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தவன் நான்.

மறுநாள் கல்லூரி ஹாலில் உங்களில் பலரும் இருந்தீர்கள். தாளாளர் அவசரப்பட்டார். “மேடம், ஜல்தியா ஒரு சைன் போட்டு அனுப்பிடுங்க. பேஜாரு பண்ணாதீங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே” என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைகளைக் கேட்டார். ஒருத்தி சொன்னாள், அடுத்தவள் சொன்னாள், சொல்லிக் கொடுத்தது மாறாமல் வந்தது. பவித்ரா மட்டும் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பரீதா டீச்சர் எழுந்தார். “மேடம், ஃபார்மேட் பாக்கறதுக்குத்தான் குடுத்தேன். ஒரே ஒரு நாளைக்கு. பவித்ரா கையிலதான் குடுத்தேன். காப்பி அடிக்கச் சொல்லல மேடம்.”

அக்கா என்னைப் பார்த்தார். “டேய், நீ சொல்லு. ஒனக்கு இதுல எதனா தெரியுமா?”

தெரியாது என்று சொல்லி நிறுத்தியிருந்தாலாவது பாதி பாவத்தோடு போயிருக்கும். நான் வாய்க்காரன். “டீச்சர் சொல்லித்தான் புள்ளைங்க எழுதுச்சிங்கக்கா. எங்கிட்ட பவித்ரா அப்பவே சொன்னா. மேல்மலையனூர் அங்காளம்மா மேல சத்தியம்” என்றேன்.

“அண்ணே, ஏண்ணே இப்படிச் சொல்றீங்க?” என்று பரீதா டீச்சர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஹாலில் இருந்த பெற்றோர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். என் சத்தமும் அதில் இருந்தது.

அக்கா பதினோரு பெயர்களையும் பட்டியலில் இருந்து அடித்தார். அதில் சொந்தத் தம்பி மகளின் பெயரும் ஒன்று. குறைந்த பிரசவங்களை மருத்துவமனையில் நின்று பார்த்து முடித்துவிட்டு அடுத்த பரீட்சை எழுதட்டும் என்றார். ஆறு மாதம் போயிற்று. “சொந்த அத்தையே கழுத்தறுத்துட்டாங்க” என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உறவினர்களில் பலர் அக்காவின் நேர்மையை மெச்சினீர்கள், சிலர் கல்நெஞ்சு என்றீர்கள். பரீதா டீச்சரைப் பற்றி நம்மில் ஒருவரும் பேசவில்லை. அவரை வேலையில் இருந்து நீக்கும் கடிதத்திலும் அக்கா அன்றே கையெழுத்திட்டார். ‘மாணவிகளைப் போலிப் பதிவு எழுதத் தூண்டியவர்’ என்று அதில் இருந்தது. அனுபவச் சான்றிதழும் தரப்படவில்லை. அது இல்லாமல் எந்தக் கல்லூரியும் அவரைச் சேர்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கோட்டக்குப்பத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன்.

பவித்ரா அந்த ஆறு மாதத்தில் உண்மையான நர்ஸ் ஆனாள். பரீட்சையில் தேறி விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தையோடு பழையபடி பேசினாள். என்னோடு பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டாள்.

அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. அவரே நர்ஸ் என்பதால் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு எங்களுக்கு அவர்தான் விளக்கம் சொன்னார். கல்லூரிக்கு மருத்துவ விடுப்பு போட்டார். படுக்கையில் இருந்தபடியே போனில் கால அட்டவணையைச் சரி செய்தார். பவித்ரா விடுப்பு எடுத்து வந்து கூடவே இருந்தாள்.

ஒருநாள் மதியம் அக்காவின் போன் ஒலித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். புதுச்சேரியில் ஒரு நர்சிங் கல்லூரியில் இருந்து பேசினார்கள். பரீதா டீச்சர் அங்கே விண்ணப்பித்திருக்கிறாராம். “உங்ககிட்ட வேலை பாத்தேன்னு மறைக்காம எழுதியிருக்காங்க மேடம். ஏன் நீக்கினீங்கன்னு நீங்க சொன்னாத்தான் முடிவு பண்ண முடியும்.”

“நாளைக்குக் காலைல சொல்றேங்க” என்றார் அக்கா. போனை வைத்துவிட்டு, “காலேஜ்ல இருந்து அந்த ஃபைல எடுத்தாரச் சொல்லுடா. ஒருத்தரோட பொழப்பு. ஞாபகத்துல இருக்கறத வச்சிச் சொல்லக் கூடாது” என்றார்.

படிக்கட்டில் பவித்ரா என்னை மறித்துக்கொண்டு நின்றாள். “அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?”

“இந்த நெலமையில எப்படிம்மா? அத்த தாங்குவாங்களா?”

“அத்த தாங்குவாங்க. ஒங்களுக்குத்தான் பயம்.”

உண்மைதான். செத்துப்போகப் போகிற அக்காவின் கண்ணில் பொய்யனாக நிற்க வேண்டுமே என்ற பயம்தான். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டால் அக்காவுக்குத் தெரியாமலே போய்விடும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது. மகள் வழியை விடவில்லை. திரும்பி மேலே போனேன்.

சொன்னேன். ஜெராக்ஸ் போட்டதில் தொடங்கி, கடையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது, சத்தியம் செய்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தண்ணீர் கேட்டார். பவித்ரா கொடுத்தாள். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

“நீ பொய் சொன்ன, அது ஒம் புத்தி” என்றார் கடைசியில். “நான் இன்னா பண்ணேன்? பதினோரு நோட்டையும் வரி வரியா படிச்சேன். நீ சொன்னத மட்டும் படிக்காம நம்பினேன். அந்தப் பொண்ணு பவித்ரா கையில குடுத்தேன்னு சொல்லுது. அந்த ஒரு வார்த்தைய நான் விசாரிச்சிருக்கணும். ஜெராக்ஸ் கடைக்காரன் தம்பியா இருந்தா கடையப் போய்ப் பாக்க வேணாமா? அன்னிக்கி அந்த ஹால்ல நான் பிரின்சிபாலா இல்லடா. ஒனக்கு அக்காவா இருந்துட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். அப்பா இறந்தபோதுகூட அக்கா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை புதுச்சேரிக்குப் பேசினார். “தப்பு எங்க மேலங்க. அவங்க மேல ஒண்ணுமில்ல. எழுத்துலயே தர்றேன்” என்றார். என்னைக் கம்ப்யூட்டரை மாடிக்குக் கொண்டுவரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘விசாரணையில் நான் ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுத்தேன்’ என்ற இடத்தில் என் கை நின்றது.

“அக்கா, அது வேணாம்கா. காலேஜ்ல ஒன் பேரு கெட்டுடும்.”

“அடி.”

“என் பேரப் போட்டுக்கறேன். தம்பி பொய் சொன்னான்னு அடிக்கறேன்.”

“ஒம் பேர நான் எழுத மாட்டேன். கையெழுத்துப் போட்டவ நான், இதுல எம் பேருதான் வரணும். ஒம் பேர நீதான் எங்கனா எழுதணும்.”

நீக்கிய உத்தரவை ரத்து செய்யும் கடிதம், அனுபவச் சான்றிதழ் என இரண்டிலும் பவித்ரா முதுகைத் தாங்கிப் பிடிக்க, எழுத்துக் கோணாமல் கையெழுத்திட்டார். தாளாளர் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. “டீச்சர் கையில நீயே கொண்டுபோய்க் குடு” என்று அக்கா என்னை அனுப்பினார்.

பரீதா டீச்சர் வாசலில் நின்றபடியே இரண்டையும் படித்தார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. “மேடம் எப்படி இருக்காங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மறுநாளே வந்துவிட்டார். மாடியில் அக்காவோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, பவித்ராவுக்கும் தெரியாது. இறங்கி வந்தவரின் கண் சிவந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“ஒங்க அக்கா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாங்கண்ணே. நீங்க இன்னும் கேக்கல.”

அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் வாசல் கதவைத் திறந்துவிட்டேன். அவர் போய்விட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள், விடியும் வேளையில், பவித்ராவின் கையைப் பிடித்தபடியே அக்கா போய்ச் சேர்ந்தார்.

அக்காவின் கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அழைத்த நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்துவந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், சீருடையோடு வந்து இறுதிவரை நின்ற மாணவிகளுக்கும், காரியத்துக்கு வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும், தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படிக்கட்டில் என்னை மறித்த என் மகளுக்கும் நன்றி.

இதையெல்லாம் மலரில் எழுதாதே, குடும்ப மானம் போய்விடும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். அன்று ஹாலில் இருந்த அத்தனை பேரையும் திரும்ப ஒரே இடத்தில் கூட்ட எனக்கு வேறு வழி கிடையாது. இந்த மலர் உங்கள் எல்லோர் வீட்டுக்கும் வரும்.

பரீதா டீச்சர், நீங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் தவறும் சொல்லிக் கொடுக்கவில்லை. நோட்டை ஜெராக்ஸ் போட்டவன், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தவன், அத்தனை பேர் முன்னால் பொய்ச்சத்தியம் செய்தவன் ஏழுமலை. அது நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள்.

தம்பி
ஏழுமலை
திண்டிவனம்